தம்பிக்குக் கொடுத்த நான்கு ரிம்கள்

என் தம்பியின் காரை நான் கெடுத்தேன். தெரிந்தே கெடுத்தேன். அதன் முன்னிருக்கையில் வெள்ளிக்கிழமைதோறும் என் அப்பா உட்கார்ந்து போவார் என்பதும் தெரிந்தேதான் கெடுத்தேன்.

நீங்கள் உடனே பிரேக்கை அறுத்தவனாக என்னைக் கற்பனை செய்துவிட வேண்டாம். நான் எதையும் அறுக்கவில்லை. என் கார்ச் சக்கரங்களில் பளபளத்துக்கொண்டிருந்த நான்கு ரிம்களைக் கழற்றித் தம்பிக்குப் பரிசாகக் கொடுத்தேன். அவ்வளவே! உறவுக்காரர்கள் எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். அண்ணன் என்றால் இவனல்லவா அண்ணன் என்றார்கள். அந்தப் பாராட்டைக் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. என் மனைவி சரோஜாவுக்குக்கூட இது தெரியாது. உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நீங்கள் என் தம்பியைச் சந்திக்கப் போவதில்லை என்ற தைரியம்தான்... வேறென்ன!

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு கார்ப் பட்டறையில் நான் சர்வீஸ் சூப்பர்வைசர். வாசலில் வந்து நிற்கும் சத்தத்தை வைத்தே வண்டிக்கு என்ன வியாதி என்று சொல்லிவிடுவேன். வாடிக்கையாளர்கள் என்னைத் தேடித்தான் வருவார்கள். அந்த அறிவைத்தான் நான் இதற்குப் பயன்படுத்தினேன்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். துறைமுக அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சிறு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் என்பதால் கடைசி வரை அவர் பேச்சு அந்த ஊர்ப் பேச்சாகவே இருந்தது; பெற்ற மகனான என்னையும் தம்பி என்றே கூப்பிடுவார். எங்கள் பேச்சோ பினாங்குப் பேச்சு. அம்மா இறந்தபின் கெலுகோர் வீட்டில் அப்பாவும் தம்பி நேசனும் மட்டும் இருந்தார்கள். நான் கல்யாணமாகி ஜெலுத்தோங்கில் குடியிருந்தேன்.

நேசன் என்னைவிட ஒன்பது வயது சிறியவன். நன்றாகப் படித்தான். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இன்ஜினியர். நான் ஐந்தாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கிரீஸ் பூசிக்கொள்ளப் போனவன். அதற்காக நான் அவன்மேல் பொறாமைப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். அவன் பட்டம் வாங்கியபோது உண்மையாகவே மகிழ்ந்தேன். பட்டறை முழுக்கக் கேக் வாங்கிக் கொடுத்தேன்.

எனக்கு வேறொன்று கண்ணை உறுத்தியது. அப்பா அவனோடு சிரித்துப் பேசுவார். கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றும்போதே அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்கும். நான் உள்ளே போனதும், "வா தம்பி, பிள்ளையள் சுகமோ?" என்பார். அவ்வளவுதான். கரண்ட் பில், கூரை ஒழுகல், டாக்டர் சீட்டு... என்னிடம் பேச அவருக்கு விஷயம் வேண்டும். அவனிடம் பேச எதுவும் வேண்டியதில்லை.

ஆனால் வெள்ளிக்கிழமை மாலை மட்டும் என்னுடையது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் கெலுகோருக்குப் போய் அப்பாவை ஏற்றிக்கொண்டு தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போவேன். அபிஷேகத்துக்குப் பித்தளைச் செம்பில் பால் கொண்டுவருவார். விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே வரை ஊற்றி, மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். கோயிலிலேயே பால் விற்கிறார்களே என்றால் கேட்க மாட்டார். வீட்டிலிருந்து கொண்டுபோகிற பால்தான் கணக்கு. மூடி போட்டாலும் ஒப்புக்கொள்ள மாட்டார். சாமிக்குப் போகிற பாலை எதற்கு மறைக்க வேண்டும் என்பார். கிரீன் லேன் வழியாக அரை மணி நேரம். அந்த அரை மணி நேரம் அவர் என் பக்கத்தில் இருந்தார்.

இப்போது அந்த ரிம்களுக்கு வருகிறேன்.

தம்பி கார் வாங்குவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் பழைய ஜப்பானிய காருக்குப் பதினைந்து அங்குல ரிம் வாங்கிப் போட்டேன். அகலமானவை. ஐந்து கம்பிகளோடு நட்சத்திரம் போல இருக்கும். அதற்கேற்ற தட்டையான டயர். பினாங்கு ரோட்டில் போனால் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. அந்த வயதில் என்ன பகட்டு என்கிறீர்களா? வாழ்க்கையில் யாரும் என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை... அதனால்தானோ என்னவோ!

போட்ட அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது, கார் கெட்டுவிட்டதென்று.

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இது புரிந்தால்தான் என் குற்றமும் புரியும். பழைய சக்கரம் பதிமூன்று அங்குல இரும்பு ரிம். பார்க்க அசிங்கம். ஆனால் எடை குறைவு. அதன் மேல் டயர் உயரமாக, காற்று நிறைந்து தலையணை போல இருக்கும். சாலையில் பள்ளம் வந்தால் பாதி அடியை அந்தக் காற்றே வாங்கிக்கொள்ளும். மீதியை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும். உள்ளே இருப்பவனுக்கு ஒன்றும் வந்து சேராது.

ரிம் பெரிதானால் டயர் தட்டையாகத்தான் இருக்க முடியும். வாங்கிக்கொள்ளக் காற்று இல்லை. அதோடு எடை வேறு! அலாய் என்றால் இலேசு என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நல்ல சாமான் இலேசுதான். நான் வாங்கியது மலிவான வார்ப்பு. பழையதை ஒரு கையிலும் இதை இன்னொரு கையிலும் தூக்கினால் தோள் சாய்ந்துவிடும். அத்தனை எடையும் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகிறது. பள்ளத்தில் விழுந்த சக்கரம் எழும்பும்போது ஸ்பிரிங்கால் அதை அடக்க முடியாது. அந்த அடி நேராக இருக்கைக்கு வரும். ரப்பர் செருப்போடு ஓடுவதற்கும் கனத்த பூட்ஸோடு ஓடுவதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியும்தானே? அதேதான்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் பால் சிந்தியது. அப்பாவின் வேட்டியில் வட்ட வட்டமாக ஈரம். "மெதுவாப் போ தம்பி" என்பார். மெதுவாகத்தான் போவேன். மெதுவாகப் போனாலும் சிந்தும். கழற்றிப் போட்டுவிட்டுப் பழைய ரிம்மை மாட்டியிருக்கலாம். பட்டறை மூலையில்தான் கிடந்தது. ஆனால் எல்லாரும் பார்க்கிறார்களே!

பிறகு நேசன் கார் வாங்கினான். புத்தம் புதிது. எங்கள் நாட்டிலேயே செய்யத் தொடங்கியிருந்த கார். பதிமூன்று அங்குல ரிம், பிளாஸ்டிக் மூடி, உயரமான டயர்.

முதல் வெள்ளிக்கிழமை அவன் காரில்தான் அப்பா கோயிலுக்கு வந்தார். புது வண்டிக்குப் பூஜை போடுவதற்காக. நான் பின்னால் என் காரில் தனியாக வந்தேன். கோயில் வாசலில் அப்பா இறங்கினார். இரண்டு கையாலும் செம்பை ஏந்திக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியோ தம்பி! ஒரு துளி சிந்தேல்லை!"

எட்டிப் பார்த்தேன். விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே, வீட்டில் ஊற்றிய அளவு அப்படியே இருந்தது. வேட்டி காய்ந்து மொடமொடவென்று இருந்தது.

எனக்கு வயிறு எரிந்தது. எழுதும்போது எத்தனை நாகரிகமான சொற்கள் வருகின்றன... அழுக்காறு, மனப்புழுக்கம் என்றெல்லாம்! எனக்கு வந்தது வயிற்றெரிச்சல். அதற்கு வேறு பெயர் கிடையாது. நாற்பதை நெருங்கும் ஒரு மனிதன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், ஒரு செம்புப் பாலைப் பார்த்து வயிறெரிந்து நின்றான்.

அடுத்த வெள்ளிக்கிழமை கெலுகோருக்குப் போனேன். வாசலில் கார் இல்லை. வீடு பூட்டியிருந்தது. அவனோடு போய்விட்டார். ஒரே வீட்டிலிருந்து ஒரே காரில் போவதுதானே நியாயம்? எதற்காக அண்ணனை ஜெலுத்தோங்கிலிருந்து அலைய வைக்க வேண்டும்? எனக்கு நன்மை செய்வதாகவே அவர்கள் இருவரும் நினைத்தார்கள். பூட்டிய கதவின் முன் நான் நின்றேன்.

அன்று நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. பட்டறை மூலையில் கிடந்த என் இரும்பு ரிம்களை மாட்டியிருக்க வேண்டும். நான் அதை நினைக்கவே இல்லை. என் காரை எப்படிச் சரி செய்வது என்று ஒரு கணமும் யோசிக்கவில்லை. அவன் காரை எப்படிக் கெடுப்பது என்றுதான் யோசித்தேன். ஏன் அப்படி? இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நேசனுக்கு என் ரிம்கள்மேல் எப்போதும் ஒரு கண். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவன் என் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"உங்க ரிம்மு செம ஸ்டைல்லா அண்ணே. என் காரு ரிம்மப் பாருங்க, டாக்சி மாதிரி இருக்கு" என்றான்.

"வேணும்னா எடுத்துக்கடா."

"விளையாடாதீங்கண்ணே!"

"நெசமாத்தான் சொல்றேன். எனக்கு வயசாச்சு. உன்னோடதக் கழட்டி எனக்குக் குடு. ரெண்டு காருக்கும் நட்டு ஓட்டை ஒரே அளவுதான், சரியா உக்காந்துக்கும்."

அவன் தயங்கினான். "அப்பா ஏறுற வண்டிண்ணே. ஒண்ணும் ஆகாதே?"

இந்தக் கேள்வியைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அவன் கேட்டான். தொழில் தெரிந்த அண்ணனிடம் நேராகக் கேட்டான்!

"என்ன ஆகப்போவுது? அகல டயருலா. ரோட்டக் கெட்டியாப் புடிச்சிக்கும். வளைவுல கார் சாயாது. அப்பாவுக்கு இதுதான் நல்லது" என்றேன்.

பொய் சொல்லவில்லை. அகல டயர் வளைவில் பிடிக்கும், ஸ்டியரிங்கைத் திருப்பினால் சட்டென்று திரும்பும், எல்லாம் உண்மை. பாதியைச் சொன்னேன். மறுபாதியை விழுங்கினேன். விழுங்கிய பாதியில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரமே பட்டறையில் வைத்து என் கையாலேயே மாற்றினேன். ஒவ்வொரு நட்டையும் நானே முறுக்கினேன். சின்னப் பிள்ளை போலக் குதித்தான் நேசன். சரோஜா வீட்டில் என் தோளைத் தொட்டு, "ரெண்டு வருஷம் தொடச்சித் தொடச்சி வச்சிருந்தீங்க, எப்படிங்க மனசு வந்துச்சு?" என்று கேட்டாள். அவள் கண்ணில் என்னைப் பற்றி ஒரு பெருமை. திருமணமாகி அத்தனை ஆண்டுகளில் அதுபோல் அவள் என்னைப் பார்த்ததில்லை.

புதுச் சக்கரம் என்பதால் மறுபடி பூஜை. அப்பாதான் வேண்டும் என்றார். கோயில் வாசலில் நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். மூத்தவன் வைக்கட்டும் என்றார் அப்பா. குனிந்து ஒவ்வொன்றாக வைத்தேன். நேசன் காரை முன்னே நகர்த்தினான். நான்கும் நசுங்கின. அப்பா கண்ணை மூடிக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று சொல்லட்டுமா? பால் சிந்த வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

நேசனுக்குக் கார் மிகவும் பிடித்துவிட்டது. பினாங்குப் பாலத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் போன் செய்தான். "சியோக்கா இருக்குண்ணே, செம சுகம்! தொட்டா திரும்புது!" பாலம் வழவழப்பான சாலை. அங்கே அப்படித்தான் இருக்கும்.

என் காரோ... அவன் சக்கரங்களை மாட்டியதும் என் காரே வேறாகிவிட்டது. ஜெலுத்தோங் சாலையின் பள்ளங்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. பக்கத்து இருக்கையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். இனி அப்பா வருவார். இரண்டு வாரம். மிஞ்சினால் மூன்று.

அவர் வரவில்லை!

நான்கு வாரம் ஆயிற்று. ஆறு வாரம் ஆயிற்று. கோயிலுக்கு நானும் போவேன், பார்ப்பதற்கென்றே போவேன். நேசன் காரிலிருந்து அப்பா இறங்குவார். வேட்டி நனைந்திருக்கும். "வயசு போட்டுது, கை நடுங்குது" என்று சிரித்தபடி நேசனிடம் சொல்வார். அவன் நம்பினான். எனக்குத் தெரியும், அவர் கை நடுங்கவில்லை. பிறகு செம்பில் பாதிதான் பால் கொண்டுவந்தார். பிறகு, வாழ்நாளில் செய்யாததைச் செய்தார். செம்புக்கு மூடி போட்டார்.

அதைப் பார்த்தபோதாவது எனக்குள் ஏதாவது இளகியிருக்க வேண்டாமா? இளகவில்லை. இத்தனை கஷ்டப்பட்டும் அவனோடுதான் போவாரா என்றுதான் தோன்றியது. இன்னும் எரிந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அப்பா பஸ் பிடித்துப் பட்டறைக்கு வந்தார். அவர் அங்கு வந்தது அதுவே முதல் தடவை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"தம்பி, உன்னட்டை வாத எண்ணெய் ஏதும் இருக்கோ? இடுப்பு சரியா நோகுது."

"என்னாச்சுப்பா?"

சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவன்ர கார் இப்ப கல்லுவண்டி மாதிரிக் குதிக்குது. ஒவ்வொரு பள்ளம் கிடங்கிலயும் இடுப்பில அடிக்குது. நீ அவனுக்குச் சொல்லிப் போடாதை."

என் நெஞ்சு படபடவென்று அடித்தது. குற்ற உணர்ச்சி என்று நினைக்கிறீர்களா? இல்லை... சந்தோஷம்! "அப்ப இனிமே என் கார்லயே வாங்களேன்ப்பா. முன்ன மாதிரி" என்றேன்.

தலையை ஆட்டினார். "வந்தால் ஏன் எண்டு கேப்பான். நீ ஆசையாக் குடுத்த சாமான் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிறான். வேலையிடத்துச் சீனனுக்கும் சொல்லியிருக்கிறான், என்ர அண்ணன் தந்தது எண்டு. உங்கட அம்மா இருந்தால் எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பாள்? நீங்கள் ரெண்டு பேரும் இப்பிடி இருக்கிறதைப் பாக்க எனக்கு இந்த நோ பெரிசில்லை."

நான் கொடுத்த பரிசுக்காக, அந்தப் பரிசு தந்த வலியை அவர் பொறுத்துக்கொண்டிருந்தார்! தம்பியின் பக்கத்தில் இருக்க ஆசைப்பட்டு அல்ல. எங்கள் இருவருக்காக.

இப்போது சொல்லுங்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? நேசனுக்கு ஒரு போன் போதும். டேய், அந்த ரிம் அப்பாவுக்கு ஒத்துக்கல, சாயங்காலம் வண்டியைக் கொண்டா. அரை மணி நேர வேலை. பதினாறு நட்டு! காரணம்கூடக் கேட்டிருக்க மாட்டான்.

நான் போன் செய்யவில்லை. எண்ணெய்ப் புட்டியை எடுத்துக் கொடுத்தேன். அப்பாவைப் பஸ் நிறுத்தம் வரை கொண்டுவிட்டேன். இன்னும் இரண்டு வாரம் பொறுப்போம், அவராகவே என் காருக்கு வந்துவிடுவார் என்று நினைத்தேன். ஆம், அந்தப் பேச்சைக் கேட்ட பிறகும் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டாவது வாரம், வெள்ளிக்கிழமை மாலை, கிரீன் லேனில் குழாய் போடத் தோண்டி அரைகுறையாக மூடியிருந்த ஒரு பள்ளம். கார் இறங்கி ஏறியது. அப்பா, "ஐயோ" என்று ஒரு சத்தம்தான் போட்டாராம். செம்பு மூடி தெறித்துக் காலடியில் உருண்டது. கோயில் வாசலில் அவரால் காரிலிருந்து இறங்க முடியவில்லை.

மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்தார்கள். முதுகெலும்பில் ஒரு முள்ளெலும்பு நசுங்கியிருந்தது. வயதானவர், எலும்பு தேய்ந்திருக்கிறது, படுக்கையிலிருந்து வேகமாக எழுந்தால்கூட இப்படி ஆகியிருக்கலாம் என்றார் டாக்டர். அந்தச் சமாதானத்தை நான் எத்தனையோ முறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஆகியிருக்கலாம்தான்... ஆனால் படுக்கையில் ஆகவில்லையே!

வராந்தாவில் நேசன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் சட்டையெல்லாம் பால் காய்ந்து நாறியது.

"அம்பதுலதாண்ணே போனேன். சத்தியமா மீட்டரப் பாத்தேன், அம்பதுதான் இருந்துச்சு. பள்ளத்த நான்தான் பாக்கல. என் டிரைவிங்குதாண்ணே சரியில்ல."

அவன் சொன்னது உண்மை. மீட்டர் ஐம்பதுதான் காட்டியிருக்கும். என் சக்கரம் டயரோடு சேர்த்துப் பழையதைவிடச் சற்றுப் பெரிது. ஒரு சுற்றுக்கு அதிக தூரம் ஓடும். மீட்டருக்கு அது தெரியாது; பழைய சக்கரம் என்றே எண்ணிக் குறைவாகக் காட்டும். அதிகமில்லை, கொஞ்சம்தான். ஆனால் அவன் மீட்டரை நம்பினான். அண்ணனை நம்பியது போலவே.

"அப்படியெல்லாம் நெனைக்காதடா" என்றேன். ஆறுதல் சொன்னேன்! உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில் ஆறுதல் சொன்னேன்.

அப்பா மூன்று மாதம் படுத்திருந்தார். எழுந்ததும் முதலில் கேட்டது கோயிலைத்தான். அண்ணனோட போங்கப்பா, அதுதான் நல்லது என்று நேசனே சொல்லிவிட்டான். அவன் பிறகு அப்பாவைத் தன் காரில் ஏற்றவே இல்லை. பயந்துவிட்டான்.

ஆக, நான் கேட்டது எனக்குக் கிடைத்தது. வெள்ளிக்கிழமை மாலை. என் காரின் முன்னிருக்கை. இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு அப்பா. மடியில் மூடியில்லாத செம்பு.

அதே கிரீன் லேன் வழியாகத்தான் போனோம். கோயில் வாசலில் நிறுத்தியதும் அப்பா செம்பைப் பார்த்தார்.

"ஒரு துளி சிந்தேல்லை" என்றார். எத்தனை மாதமாக அந்தச் சொல்லுக்காக நான் ஏங்கியிருக்கிறேன்! "நேசன் கார் வாங்கினவுடனை இருந்துதே, அந்த மாதிரியே ஓடுது" என்றும் சொன்னார்.

நான் சுற்றி வந்து கதவைத் திறந்து அவரை இறக்கினேன். நிமிர்வதற்கு முன் அவர் கண் முன்சக்கரத்தில் நின்றது.

"இது நேசன்ர சக்கரமெல்லே?"

"ஆமாப்பா."

அப்பா முப்பது ஆண்டுகள் கணக்குப் புத்தகங்களில் பிழை பிடித்தவர். சக்கரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு செம்பைத் தூக்கிக்கொண்டு, என் கையைப் பிடிக்காமல், தனியாகப் படியேறினார்.

அவருக்குத் தெரிந்துவிட்டதா? கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவரும் சொல்லவில்லை. இன்னும் இரண்டு ஆண்டுகள் உயிரோடு இருந்தார். ஒரு வெள்ளிக்கிழமையும் தவறாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். பாலைப் பற்றி அவர் பிறகு ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வருவார். முன்பாவது பிள்ளைகள் சுகமா என்று கேட்பார்.

நேசன் அடுத்த ஆண்டே சிங்கப்பூரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். அங்கே அவனுக்கு இங்கிருந்ததைவிடப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. அப்பா இடுப்பில் பட்டையோடு நடப்பதை நாள்தோறும் பார்க்க முடியவில்லை என்று சரோஜாவிடம் மட்டும் சொன்னானாம். அப்பா இறந்தபோது ஓடி வந்தான். சுடுகாட்டிலிருந்து திரும்பும் வழியில், என் காரில், அப்பாவின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, "அந்தப் பள்ளத்த மட்டும் பாத்திருந்தேன்னா..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டான்.

நான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன். அவனுடைய சக்கரங்கள் மேல்.

இவ்வளவு காலம் கழித்து இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், அப்பாவுக்குப் பின் பூட்டியே கிடந்த கெலுகோர் வீட்டைச் சென்ற மாதம் விற்றோம். காலி செய்ய நேசன் வந்திருந்தான். அவன் தலையிலும் நரை. பழைய பாத்திரம், அப்பாவின் குடை, அம்மாவின் தையல் மிஷின் என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்தோம். மாடிப்படிக்குக் கீழே கோணிச் சாக்குப் போட்டு மூடி ஏதோ இருந்தது. நேசன் சாக்கை விலக்கினான்.

நான்கு ரிம்கள்! டயர் கழற்றி, எண்ணெய் தடவி, இடையிடையே நாளிதழ் வைத்து அடுக்கியிருந்தான்.

"இது... காரோடேயே வித்துட்டேன்னு நெனைச்சேன்" என்றேன்.

"காரத்தாண்ணே வித்தேன். சாதா ரிம்மு மாட்டிக் குடுத்துட்டேன். இத எப்படி விக்கிறது? நீங்க குடுத்ததாச்சே." துணியால் ஒன்றைத் துடைத்தான். நட்சத்திரம் பளிச்சென்றது. "நான் உங்களுக்கு என்னண்ணே செஞ்சிருக்கேன்? அப்பா விஷயத்துலகூட என்னை ஒரு வார்த்தை திட்டல நீங்க. வேற யாரா இருந்தாலும் திட்டியிருப்பாங்க."

அப்போது சொல்லியிருக்கலாம். வீடு காலியாக இருந்தது. நாங்கள் இருவர் மட்டும்தான் இருந்தோம். என் நாக்கு நுனி வரை வந்தது, உங்கள்மேல் ஆணை! ஆனால் சொன்னால் அவனுக்கு அண்ணனும் இருக்க மாட்டானே என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அழகான காரணம். என்னிடம் அழகான காரணங்களுக்கு என்றைக்குமே பஞ்சமில்லை.

"சிங்கப்பூர்ல நான் இருக்கிறது ஃபிளாட்டுண்ணே, இத வைக்க எடமில்ல. உங்க வீட்டுலயே பத்திரமா வச்சிருங்க" என்றான்.

நானே தூக்கினேன். அவன் கை கொடுக்க வந்தபோது வேண்டாம் என்றேன். ஒவ்வொன்றாக, நான்கு முறை, மாடிப்படியிலிருந்து கார் வரைக்கும். வீட்டுக்கு வந்து மறுபடி நான்கு முறை. எனக்கு ஐம்பது வயதாகப் போகிறது; இரவெல்லாம் இடுப்பு நொந்தது. வாத எண்ணெய் தேய்க்கட்டுமா என்று சரோஜா கேட்டாள். வேண்டாம் என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

இப்போது அவை எங்கள் கூடத்தில், சாமி அறைச் சுவரையொட்டி இருக்கின்றன. அங்கே ஈரம் படாது என்று சரோஜாதான் இடம் பார்த்தாள். வருகிறவர்களிடம் கதை சொல்கிறாள். என் வீட்டுக்காரர் தம்பிக்காக ஆசையாக வைத்திருந்ததைக் கழற்றிக் கொடுத்தவர் என்கிறாள். அவர்கள் என்னைப் பார்க்கிறார்கள். நான் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. சிங்கப்பூரிலிருந்து நேசன் போன் செய்தான்.

"ரிம்மு பத்திரமா இருக்காண்ணே?"

"இருக்குடா" என்றேன்.